பேண்ட் மாஸ்டர்களுக்கு ஒரு சுவர்

பள்ளிக்கூடத்தில் எந்த விழா நடந்தாலும் எல்லாருக்கும் முன்னால் நடப்பதும், கடைசிவரை யார் கண்ணிலும் படாமல் வீடு போய்ச் சேர்வதும் பேண்ட் மாஸ்டர் என்கிற ஒரே ஆள்தான். பிரதம அதிதிக்கு மாலை விழும். ஆடிய பிள்ளைகளுக்குக் கைதட்டல் விழும். ஒலிபெருக்கி கட்டியவருக்குக்கூட நன்றியுரையில் ஒரு வரி உண்டு. பேண்ட் மாஸ்டருக்கு மிஞ்சுவது அறுந்த ட்ரம் வாரும் தலைவலியும்.

நான் ஒரு பேண்ட் டீச்சர். மாத்தளையில், அலுவிகாரைக்குப் பக்கத்தில் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடம். நூலகத்துக்கோ, சாரணர் குழுவுக்கோ, டெங்கு ஒழிப்புக்கோ ‘பொறுப்பாசிரியர்’ என்று மாட்டிக்கொண்டு விழிக்கிற அன்பர்கள் யாராவது இதை வாசித்தால் பக்கத்தில் வந்து உட்காருங்கள். உங்கள் வலி எனக்குத் தெரியும். என்னுடையது கொஞ்சம் சத்தம் கூடியது, அவ்வளவுதான்.

கணக்கு டீச்சரின் தலை நிமிர்ந்த கதை

நான் படிப்பிப்பது கணிதம். எங்கள் பேண்டைப் பார்த்துக்கொண்டிருந்த டீச்சர் இடமாற்றம் கிடைத்துப் போனதும், ஆசிரியர் கூட்டத்தில் அதிபர், “அடுத்து யாரு?” என்று கேட்டார். அப்படிக் கேட்கும்போது என்ன செய்ய வேண்டும் என்று அனுபவசாலிகளுக்குத் தெரியும். ஒருவர் குனிந்து சப்பாத்துக் கயிற்றைக் கட்டினார். ஒருவர் மின்விசிறி ஒழுங்காகச் சுற்றுகிறதா என்று மேலே பார்த்தார். இன்னொருவருக்குச் சரியாக அந்த நேரம் பார்த்து இருமல் வந்தது. எட்டாம் வகுப்பு விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்த நான் மட்டும், என்ன இது சத்தத்தையே காணோம் என்று தலையைத் தூக்கினேன்.

தூக்கிய தலையை அதிபர் பிடித்துக்கொண்டார். எனக்குச் சங்கீதம் தெரியாது, ட்ரம் குச்சியை எந்தப் பக்கம் பிடிப்பது என்றே தெரியாது என்று எவ்வளவோ மன்றாடிப் பார்த்தேன். அதிபர் நல்ல மனிதர். என் பயத்தைப் போக்கிவிட வேண்டும் என்று உண்மையாகவே ஆசைப்பட்டுத்தான் சொன்னார்:

“நீங்க கணக்கு டீச்சரு, ஒன் டூ ஒன் டூன்னு எண்ணத் தெரியாதா? அதுக்கு மேல பேண்டுல ஒன்னுமே இல்லங்க டீச்சர்.”

வாழை இலையில் மீன் குழம்பு

அதற்கு மேலேயும் நிறைய இருக்கிறது என்று எனக்குச் சொல்லித்தந்தது ரிஸ்வானா டீச்சர். டவுனில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தின் பேண்ட் அவர் பொறுப்பு. என் வயதுதான், ஆனால் என்னைவிடப் பத்து மடங்கு தைரியம். முதல் மாதம் பிள்ளைகளின் கையில் ட்ரம்மையே கொடுக்கக் கூடாது என்பது அவர் வழி. குச்சியை மட்டும் கொடுத்து வீட்டுக்கு அனுப்ப வேண்டும். எதைக் கண்டாலும் தட்டிப் பழகட்டும், கை தானாக வந்துவிடும் என்றார். நானும் அப்படியே செய்தேன்.

கை நன்றாகத்தான் வந்தது. மூன்றாவது வாரம் ஒரு மாணவனின் அம்மா வகுப்பு வாசலில் வந்து நின்றார். கோபமாக வந்தவர் மாதிரித் தெரியவில்லை. ரொம்பக் களைத்துப் போனவர் மாதிரி இருந்தார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்:

“மவன் நல்லா வரணும்னு எனக்கும் ஆசதான் டீச்சர். ஆனா வீட்டுல இப்ப முழுசா ஒரு பீங்கான் இல்லங்க, மீன் கொழம்ப வாழ எலையில ஊத்திச் சாப்பிடுறோம்.”

மார்க்கெட்டில் அணிநடை

இந்தத் தொழிலுக்கென்று ஒரு வியாதி இருக்கிறது. நம்மோடு நடக்கிறவர் எந்தக் காலை முதலில் எடுத்து வைக்கிறார் என்று கண் தானாகப் பார்க்கும். அவர் இடது கால் வைக்கும்போது நாம் வலது காலில் இருந்தால், ஒரு சின்னத் துள்ளல் துள்ளிக் காலை மாற்றிக்கொள்ளாமல் நம்மால் அடுத்த அடி வைக்க முடியாது. மரண ஊர்வலத்திலும் துள்ளியிருக்கிறேன். தேர் பார்க்கப் போன இடத்தில், எனக்கு முன்னால் நடந்த யாரோ ஒரு ஐயாவை “இடது, இடது” என்று முணுமுணுத்துத் திருத்தியிருக்கிறேன். அவர் திரும்பிப் பார்த்துவிட்டு வழிவிட்டார்.

என் கணவர் பொறுமைசாலி. ஆனால் மாத்தளை மார்க்கெட்டில், ஒரு கையில் தேங்காய்ப் பையும் மறு கையில் மரவள்ளிக் கிழங்குமாக அவர் வரும்போது, அவருடைய காலுக்கு நான் நாலாவது தடவையாகத் துள்ளியதும் நடுத்தெருவில் நின்றுவிட்டார்.

“உங்கூட மரக்கறி வாங்க வந்தா சுதந்திர தினத்துக்கு வந்த மாதிரியே இருக்கு. கொடிதான் கொண்டு வரல.”

மரத்தடி மாநாடு

மாவட்ட விளையாட்டுப் போட்டி நடக்கும்போது பேண்ட்காரர்களுக்கு என்று ஓர் இடம் உண்டு. பந்தலுக்குப் பின்னால், தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில், ஒரு மாமரம். அங்கேதான் நாங்கள் எல்லாரும் கூடுவோம். போன போட்டியின்போது நானும் ரிஸ்வானா டீச்சரும் இருந்தோம். லக்கலவில் ஒரு சிங்களப் பள்ளிக்கூடத்துப் பேண்டை நடத்துகிற சேனாரத்ன சேர் இருந்தார். பல்லேபொலவிலிருந்து வரும் செல்லத்துரை மாஸ்டரும் இருந்தார். மாஸ்டர் யாழ்ப்பாணத்தவர். வாலிப வயதில் கச்சேரியில், அதுதான் மாவட்டச் செயலகத்தில், கிளார்க் வேலைக்கு என்று மாத்தளைக்கு வந்தவர், வேலை முடிந்த மாலைகளில் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய் பேண்ட் பழக்கியவர். ஓய்வு பெற்ற பிறகும் நிறுத்தவில்லை. இந்த மாவட்டத்தில் பழைய பேண்ட் எதை எடுத்தாலும் அதற்கு முதல் குச்சி பிடித்துக் கொடுத்தது அவராகத்தான் இருக்கும்.

ஒலிபெருக்கியில் நன்றியுரை போய்க்கொண்டிருந்தது. பந்தல் போட்டவருக்கு நன்றி, அம்பியூலன்ஸ் சாரதிக்கு நன்றி, தேசிக்காய்த் தண்ணீர் கரைத்தவர்களுக்கு நன்றி. எங்களை வழக்கம் போல மறந்துவிட்டார்கள். நாங்களும் வழக்கம் போலச் சிரித்தோம். அந்தச் சிரிப்போடு சிரிப்பாக மாஸ்டர், இந்தப் பள்ளித் தவணை முடிந்ததும் மகளோடு இருக்க யாழ்ப்பாணத்துக்கே போகிறேன், மனைவியும் இல்லாத வீட்டில் தனியே எத்தனை நாள் இருப்பது என்றார்.

அதைக் கேட்டதும் ரிஸ்வானா டீச்சர் போனை எடுத்துக் காட்டினார். எங்கேயோ ஒரு நாட்டில், பள்ளிக்கூட பேண்ட் மாஸ்டர்களைக் கௌரவிக்க என்றே ஒரு புகழ் மண்டபம் கட்டி, ஒவ்வொருவர் படத்தையும் மாட்டி வைத்திருக்கிறார்களாம். மண்டபத்துக்கு நாங்கள் எங்கே போவது? மாஸ்டர் தண்ணீர் குடிக்க எழுந்து போனதும் டீச்சர் குரலைத் தாழ்த்தினார்:

“மாஸ்டர் போறத்துக்கு முன்னுக்கு அவர்ட மூஞ்சி ஒரு சுவர்ல ஈக்கணும் டீச்சர். எந்தச் சுவரா இருந்தாலும் பரவால்ல.”

சுவர் கிடைத்த விதம்

சுவருக்கு நான் எங்கள் அதிபரிடம் போனேன். பேண்ட் அறைக்கு வெளியே ஒரு நடைக்கூடம் இருக்கிறது. அதன் ஒரு பக்கம் முழுவதும் புலமைப்பரிசில் பரீட்சையில் சித்தியடைந்த பிள்ளைகளின் பதாகைகள். மறுபக்கம் வெறும் சுவர், புதிதாகப் பெயின்ட் அடித்தது. அந்தச் சுவரில் மாவட்டத்தின் பேண்ட் மாஸ்டர்கள் எல்லாருடைய படங்களும் வர வேண்டும், தமிழ், சிங்களம், முஸ்லிம் என்ற பேதம் கிடையாது, நடுவில் செல்லத்துரை மாஸ்டர் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

அதிபருக்கு உண்மையிலேயே பிடித்துப்போயிற்று. எழுந்து வந்து என்னோடு சுவரைப் பார்த்தார், உள்ளங்கையால் தடவினார், இரண்டு அடி பின்னால் போய் நின்று ரசித்தார். நிபந்தனை ஒன்றே ஒன்றுதான் போட்டார்.

“எத்தன படம் வேணும்னாலும் மாட்டுங்க டீச்சர். ஆணி மட்டும் அடிக்காதீங்க.”

பஷீர் நானாவின் கம்ப்யூட்டர்

ஆளுக்கு ஒரு ஸ்டூடியோப் படம் போட்டுவிடலாம்தான். ஆனால் கழுத்துப்பட்டியோடு விறைத்துக்கொண்டு நிற்கிற படம் யாருக்கு வேண்டும்? பேண்டோடு நிற்கிற படமாக இருக்க வேண்டும் என்று முடிவு செய்தோம். அதற்குப் பஷீர் நானாவை விட்டால் ஆள் இல்லை. டவுனில் ஸ்டூடியோ வைத்திருக்கிறார். இந்த மாவட்டத்தில் அவர் கேமரா போகாத பள்ளிக்கூட விழா இல்லை. கம்ப்யூட்டரில் பழைய படங்களையெல்லாம் போட்டு வைத்திருக்கிறார்.

நானும் ரிஸ்வானா டீச்சரும் ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து பார்த்தோம். பிள்ளைகள் பளிச்சென்று இருந்தார்கள். செல்லத்துரை மாஸ்டர் ஒரு படத்தில் முதுகு. அடுத்ததில் அரைக் காது. இன்னொன்றில் ஒரு பிள்ளையின் ட்ரம் கொக்கியை மாட்டக் குனிந்திருந்தார், வழுக்கை மட்டும் தெரிந்தது. மற்றவர்கள் கதியும் அதேதான். பேண்ட் மாஸ்டர் என்றால் பிள்ளைகளைப் பார்த்துத்தானே நிற்க வேண்டும்? ஊர்வலம் போனாலும் பின்பக்கமாகவே நடக்கிற ஜாதி நாங்கள். ஊர் முழுக்கப் பார்த்தது எங்கள் முதுகைத்தான். போதாக்குறைக்கு, ஒவ்வொரு விழாவிலும் “சேர், கொஞ்சம் ஒதுங்குங்க, பிள்ளைகள் மறையுது” என்று எங்களை விரட்டியது இதே பஷீர் நானாதான். அதை ஞாபகப்படுத்தினேன். மனுஷன் கொஞ்சமும் அசரவில்லை.

“நான் என்ன செய்யட்டும் டீச்சர், உங்கட ஆக்கள் ஒருத்தராவது கேமராவுக்கு மூஞ்சி காட்டினாங்களா? முதுகு வேணுமெண்டா சொல்லுங்க, எவ்வளவும் ஈக்குது.”

லக்கல யானைகளின் ரசனை

சரி, பழைய படம் இல்லாவிட்டால் புதிதாக எடுப்போம் என்று லக்கலவுக்குக் கிளம்பினோம். போகிற பஸ்ஸைப் பிடிப்பதே ஒரு சாதனை. சேனாரத்ன சேர் பேண்டை மைதானத்தில் நிறுத்தி, எங்களுக்காக ஷர்ட்டையும் மாற்றிக்கொண்டு, கேமராவைப் பார்த்து அழகாகச் சிரித்துக்கொண்டு நின்றார். ரிஸ்வானா டீச்சர் போனைத் தூக்கினார். பிள்ளைகள் முதல் அடி அடித்தார்கள். அவ்வளவுதான், சேர் சட்டென்று அவர்கள் பக்கம் திரும்பிவிட்டார். நான்கு முறை எடுத்தோம். நான்கு முறையும் திரும்பினார். வேண்டுமென்று செய்யவில்லை பாவம், பிள்ளைகள் அடித்தால் அவர் உடம்பு திரும்பிவிடுகிறது. சிரித்தோமே தவிர, நாங்களாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்போம்.

அங்கே பெரிய ட்ரம்மைப் பார்த்தேன். விளிம்பெல்லாம் காய்ந்த சேறு, தோலில் ஒட்டு. என்ன இது என்று கேட்டதற்கு சேர் சிங்களத்தில் கதை சொன்னார். காடு வெட்டிப் போட்ட சேனைப் பயிர் விளைகிற காலத்தில் யானைகளை விரட்ட ஊரார் அந்த ட்ரம்மை இரவல் வாங்கிப் போவார்களாம். பிள்ளைகள் பழகுகிற அதே மார்ச்சைத்தான் அவர்களும் அடிப்பார்களாம். ஆரம்பத்தில் யானைகள் ஓட்டம் பிடித்தனவாம். போன மாதம் ஒரு விவசாயி ட்ரம்மைத் திருப்பிக் கொடுக்க வந்தபோது முறையிட்டாராம்:

“சேர், யானைகளுக்கு இந்தத் தாளம் பழகிப் போச்சு, நின்னு கேட்டுட்டுப் போகுதுங்க. பிள்ளைகளுக்கு வேற ஒன்ன சீக்கிரமாப் பழக்குங்க.”

சுவரில் யார் இருப்பது

கடைசியாகப் பல்லேபொல. செல்லத்துரை மாஸ்டர் வீட்டு முற்றத்தில் பாயில் மிளகு காய்ந்துகொண்டிருந்தது. உள்ளே பாதிச் சாமான் பெட்டியில் ஏறிவிட்டது. அலுமாரி காலி. சுவரில் மட்டும் ஒன்றும் கழற்றப்படவில்லை. அங்கே இருந்ததும் ஒன்றே ஒன்றுதான்: மாலை போட்டு, சின்ன மின்குமிழ் எரிகிற ஒரு படம். அவருடைய மனைவி.

நாங்கள் வந்த விஷயத்தைச் சொன்னோம். தேத்தண்ணி தந்தார், முறுக்கு தந்தார், படத்துக்கு மட்டும் முடியவே முடியாது என்றார். கெஞ்சினோம். அடையாள அட்டைப் படத்தையாவது தாருங்கள் என்றோம். எடுத்துக் காட்டினார். அது பொலிஸ் தேடுகிற ஆளின் படம் மாதிரி இருந்தது, அதை மாட்டினால் பிள்ளைகள் பயந்துவிடுவார்கள். மாஸ்டர் கோபப்படவில்லை. கையால் அந்த மின்குமிழைக் காட்டிச் சொன்னார்:

“பிள்ளையள், சுவரிலை படமா நிக்கிறது செத்த ஆக்கள். அங்கை பாருங்கோ, என்ரை மனுசி நிக்கிறா. நான் இன்னும் இருக்கிறன். விழாவுக்கு வாறன், கதிரையிலை இருக்கிறன், வடை தந்தால் தின்னுறன், படம் மட்டும் கேளாதேங்கோ.”

பேண்ட் எங்கே?

வேறு வழியில்லாமல் முதுகுகளையே சட்டம் போட்டோம். கீழே பெயர், பள்ளிக்கூடம். நடுவில் மாஸ்டருடைய வெள்ளை ஷர்ட் முதுகு. ஆணி அடிக்கக் கூடாதே, அதனால் கூரைச் சட்டத்திலிருந்து கயிறு கட்டித் தொங்கவிட்டோம். காற்று வீசியபோது மாஸ்டர்மார் எல்லாரும் ஒரே சீராகத் திரும்பிச் சட்டத்தின் பின் அட்டையைக் காட்டினார்கள். எனக்கு அழுகையாக வந்தது. மாஸ்டரின் முகம் வேண்டும் என்று தொடங்கிய வேலை, அவருடைய முதுகைப் பெரிதாக்கி வைத்ததில் வந்து நின்றது. இன்னும் மூன்று நாளில் அவர் பஸ் ஏறிவிடுவார்.

சனிக்கிழமை விழா. எல்லாரும் வந்துவிட்டார்கள். நெஞ்சில் பூக் குத்தி, முன்வரிசைக் கதிரைகளில் எங்களை உட்கார வைத்தார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக முன்வரிசை! பின்னால் பெற்றோரும் பழைய மாணவர்களும். பிரதம அதிதியாகக் கல்வி அலுவலக அதிகாரி ஒருவர். வாகனத்தை விட்டு இறங்கி கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டார். பேண்ட் முழங்காமல் உள்ளே கால் வைக்கிற பழக்கம் நம் அதிதிகளுக்குக் கிடையாது. அவர் நின்றார். நாங்கள் உட்கார்ந்திருந்தோம். கொஞ்ச நேரம் அப்படியே போயிற்று.

அதிபர் குனிந்து என் காதில், “டீச்சர், பேண்ட் எங்க?” என்றார். நான் ரிஸ்வானா டீச்சரைப் பார்த்தேன், அவருடைய பிள்ளைகள் வருவார்கள் என்றுதான் என் பிள்ளைகளை வரச் சொல்லவில்லை. ரிஸ்வானா டீச்சர் சேனாரத்ன சேரைப் பார்த்தார். சேனாரத்ன சேர் என்னைப் பார்த்தார், விழா நடக்கிற பள்ளிக்கூடத்தில் பேண்ட் இல்லாமலா போகும் என்று அவர் நினைத்திருக்கிறார். மற்றவர்களும் அப்படியே. இன்று நாம் விருந்தாளி, வேறு யாராவது கூட்டி வருவார்கள் என்று ஒவ்வொருவரும் நிம்மதியாக வந்து உட்கார்ந்துவிட்டோம். அதிபர் எங்கள் வரிசையை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை பார்த்தார்.

“மாவட்டத்துல உள்ள பேண்ட் மாஸ்டருங்க அத்தன பேரும் இங்க குந்தியிருக்கீங்க, ஒரு பேண்ட் இல்லையா?”

கேட்டிலிருந்து நடைக்கூடம் வரை

முதலில் எழுந்தது யார் என்று இன்றைக்கும் தகராறு இருக்கிறது. எப்படியோ பேண்ட் அறையைத் திறந்தோம். பிள்ளைகளுக்கு அளவெடுத்த வார்கள், ட்ரம் எல்லாம் எங்கள் கழுத்துக்குக் கீழேயே தொங்கின. எனக்குச் சிம்பல்தான் மிஞ்சியது. ரிஸ்வானா டீச்சர் மெலோடிக்கா, சேனாரத்ன சேர் ட்ரம்பட். ஓடிப்போய் கேட்டில் அணிவகுத்தோம். அணிவகுத்த கையோடு எல்லாருமாக ஓரடி முன்னால் வந்து, பின்பக்கம் திரும்பி, பேண்டைத் தொடக்கி வைக்கக் கையைத் தூக்கினோம். பின்னால் ஒருவரும் இல்லை. அதிதி கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார். அப்போதுதான் செல்லத்துரை மாஸ்டர் கத்தினார், “எல்லாரும் முன்னுக்கு வந்தால் பின்னாலை ஆர் அடிக்கிறது? திரும்புங்கோ!” என்று. கத்திவிட்டுப் பெரிய ட்ரம்மைத் தானே தூக்கி நெஞ்சில் மாட்டிக்கொண்டு கடைசி வரிசைக்குப் போனார். தடுக்கப் போன சேனாரத்ன சேரைக் குச்சியாலேயே தள்ளிவிட்டார்.

முன்னால் நிற்க ஆள் இல்லாத பேண்ட் அது. நடுவில் ஓர் இடத்தில் ஒவ்வொருவரும் தன் பள்ளிக்கூடத்து வேகத்தில் போய்விட்டோம், தலைக்கு ஒரு பாட்டு. பின்னாலிருந்து அந்தப் பெரிய ட்ரம் டம், டம் என்று ஒவ்வொருவராகப் பிடித்து இழுத்து வந்து சேர்த்தது. “இடது! இடது!” என்று மாஸ்டரின் குரல். பஷீர் நானா எங்களுக்கு முன்னால் பின்பக்கமாக நடந்தபடியே கிளிக் கிளிக் என்று எடுத்தார். அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது: எங்கள் எல்லாருடைய முகமும் கேமராவுக்கு நேரே இருந்தது.

சனம் எழுந்து நின்று கைதட்டியது. தன் மகளைத் தோளோடு பிடித்துக்கொண்டு நின்ற ஒரு பெண்ணுக்குக் கண்ணெல்லாம் தண்ணீர். பள்ளிக்கூடக் காலத்தில் மாஸ்டரின் பேண்டில் பெல்ஸ் வாசித்தவராம். விழா முடிந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அடிக்கும்போது அவரு மொகம் அப்படித்தாங்க டீச்சர் இருக்கும், ஏசுற மாதிரியும் சிரிக்கிற மாதிரியும். நாங்க பேண்டுல இருந்தவங்க மட்டுந்தான் பாத்திருக்கோம். இன்னைக்குத்தான் எங்க வீட்டு ஆளுங்க பாக்குறாங்க.”

பஸ் நிலையத்தில் ஒரு குறை

மாஸ்டர் கிளம்புகிற நாளன்று, பஷீர் நானா எடுத்த ஊர்வலப் படத்தைச் சட்டம் போட்டு, சேலைத் தலைப்பில் பொத்திக்கொண்டு பஸ் நிலையத்துக்குப் போனேன். அவரிடம் கேட்காமல் மாட்ட எனக்கு மனம் வரவில்லை. வேண்டாம் என்று சொன்னால் அப்படியே அவரிடமே கொடுத்துவிடுவது என்று தீர்மானித்திருந்தேன். யாழ்ப்பாண பஸ் வந்து நின்றது. சாமான்களை ஏற்றிவிட்டுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தைக் கையில் வாங்கினார். படத்தில் நாங்கள் எல்லாரும் இருந்தோம். கடைசி வரிசையில் பெரிய ட்ரம்முக்கு மேலே அவர் முகம், வாய் திறந்து, கண் இடுங்கி, வியர்வை பளபளக்க.

ரொம்ப நேரம் பார்த்தார். கண்டக்டர் இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டார். படத்தில் விரலை வைத்து ஏதோ தேடினார், பிறகு கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார்.

“எல்லாரும் இடது கால், உம்மடை மட்டும் வலது. சரி, செத்த ஆளின்ரை படம் மாதிரி இது தெரியேல்லை. மாட்டுங்கோ, பிள்ளை.”

ஆணி

அன்று மத்தியானமே நடைக்கூடத்தில் படத்தோடும் கயிற்றோடும் நின்றேன். நாற்காலி பிடிக்க ஆள் தேடும்போது, பீங்கான் இல்லாத அம்மா வந்தார். விழாவுக்கும் வந்திருந்தாராம். இரண்டாவது மகனையும் பேண்டில் சேர்க்க வேண்டுமாம், வீட்டுக்குப் பிளாஸ்டிக் தட்டாகவே வாங்கிவிட்டாராம். அவர்தான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

படத்தைச் சுவரோடு சாய்த்து வைத்துவிட்டு, நான் ஏறிக் கூரைச் சட்டத்தில் கயிற்றைக் கட்டப் போனேன். பின்னால் சப்பாத்துச் சத்தம். அதிபர். ஆணியைப் பற்றித்தான் ஏதோ சொல்லப் போகிறார் என்று, நான் ஆணியே அடிக்கவில்லை என்று காட்ட இரண்டு கையையும் விரித்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. படத்திலிருந்த முகங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கையில் சுத்தியல், மறு கையில் விரலளவு ஆணி.

“எறங்குங்க டீச்சர், நான் அடிக்கிறேன். ஆழமா அடிக்கணும், இது கழட்டுற படமில்ல.”

ஆகவே, ஏதோ ஒன்றுக்குப் பொறுப்பாக மாட்டிக்கொண்ட என் அன்பர்களே, இந்தப் பக்கம் வந்தால் எங்கள் நடைக்கூடத்தை எட்டிப் பாருங்கள்: மாத்தளை மாவட்டத்துப் பேண்ட் மாஸ்டர்கள் ஒருவழியாக ஊருக்கு முகம் காட்டி நிற்கிறார்கள், ஒன் டூ எண்ணத் தெரியும் என்று நம்பி எடுத்த கணக்கு டீச்சர் மட்டும் காலை மாற்றி வைத்துக்கொண்டு.